நீர்யானை காதைச் சொறியும் நேரம்

பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மூன்றே முக்கால் வயது. உருண்டையாக இருப்பாள். எங்கே விட்டாலும் உருண்டுபோய் ஏதாவது ஒரு கட்டிலுக்கடியில் நின்றுவிடுவாள். அதனால் நான்தான் பட்டாணி என்று பெயர் வைத்தேன். இப்போது பெற்றவர்களே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், கூலி கேட்கவா முடியும்.

பட்டாணி பேசமாட்டாள். அழுவாள், சிரிப்பாள், சோப்பைக் கடித்துப் பார்ப்பாள். வார்த்தை மட்டும் வராது. காது டாக்டர் பார்த்தார், காது நன்றாகக் கேட்கிறது என்றார். இன்னொரு டாக்டர் நாக்கைத் தூக்கிப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது, வரும்போது வரும் என்று அனுப்பிவிட்டார். பஸ்ஸைப் பற்றிச் சொல்வது மாதிரி.

இந்த நிலைமையில்தான் தெருமூலைப் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. நான்கு வாரம் கழித்து வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் குழந்தையை அழைத்து வரவேண்டும். பெரிய டீச்சர் குழந்தையிடம் நேராகப் பேசிப் பார்ப்பார். பதில் சொல்லாத குழந்தைகளை அடுத்த வருடம் பார்க்கலாம். இவ்வளவுதான் கடிதம். அதை அவள் அம்மா வாசலிலேயே நின்று நான்கு முறை படித்தாள். நான் ஒரு முறைதான் படித்தேன், அவள் தோளுக்குப் பின்னாலிருந்து.

"இன்னொரு வருஷம் வீட்டுலயே இருந்தா என்னம்மா குறைஞ்சுபோச்சு?" என்றேன்.

"என்னக்கா இப்படிச் சொல்றீங்க. இன்னொரு வருஷம் விட்டா அந்தக் கட்டிலுக்கடியிலயே குடித்தனம் பண்ண ஆரம்பிச்சிருவா. அப்புறம் அவளை வெளிய கொண்டாரவே முடியாது."

விளையாட்டாகச் சொல்வது போலத்தான் சொன்னாள். ஆனால் மடித்த கடிதத்தை மறுபடி பிரித்துப் பார்த்தாள்.

அந்த வீட்டு ஆட்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. அப்பா வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவுகளை வெட்டி ஒட்டுகிறவர். யாராவது பிரமுகர் வந்து அரைமணி நேரம் பேசிவிட்டுப் போவார். அதில் அவர் தொண்டையைக் கனைத்தது, மூச்சு விட்டது, 'வந்து', 'அதாவது' என்று இழுத்தது எல்லாவற்றையும் நறுக்கியெடுத்து, பன்னிரண்டு நிமிடத்தில் அவரைப் பெரிய பேச்சாளர் ஆக்கிவிடுவார் நம்ம ரேடியோக்காரர். அங்கே மூன்று விநாடி சத்தமில்லாமல் போனால் சுவரில் சிவப்பு விளக்கு எரியுமாம். ஐந்தாவது விநாடியில் மேலதிகாரியிடமிருந்து போன் வந்துவிடுமாம். பதினோரு வருடமாக அந்த விளக்குக்கு எதிரே உட்கார்ந்திருக்கிற மனிதர். வீட்டில் பேச்சு கொஞ்சம் நின்றால் போதும், வலது கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும்.

அம்மாவுக்குத் தண்ணீர்ப் புகார் எண்ணில் போன் எடுக்கும் வேலை. ஒரு அழைப்பு மூன்று நிமிடத்தைத் தாண்டக்கூடாது. கூப்பிட்டவர் 'எங்க வீட்ல தண்...' என்பதற்குள் 'வரலையா, கலங்கலா வருதா, குழாய் உடைஞ்சிருச்சா, எந்தத் தெரு' என்று முடித்துவிடுவாள். அந்த வேகத்துக்குப் பரிசுகூட வாங்கியிருக்கிறாள், ஒரு சுவர்க் கடிகாரம்.

இப்போது அந்த வீட்டில் ஒரு சாயங்காலத்தை நினைத்துப் பாருங்கள். பட்டாணி கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்து வாயை லேசாகத் திறப்பாள். உடனே அம்மா, "என்னடா செல்லம், பாலா, பிஸ்கட்டா, பொம்மையா, பசிக்குதா, தூக்கம் வருதா, தூக்கந்தான், கண்ணு சொக்குது பாரு, வா வா." நான்கு விநாடியில் குழந்தை படுக்கையில் இருக்கும், திறந்த வாய் திறந்தபடி.

கடிதம் வந்த பிறகு அப்பா பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். நடுச்சுவர் மெல்லியது, நான் ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

"பட்டாணி, உன் பேரென்ன? சொல்லு. சொல்லு பாப்போம். அப்பாகிட்ட சொல்லமாட்டியா? சரி, நான் சொல்றேன், நீ கூடவே சொல்லு."

பேர், அப்பா பேர், தெருப் பேர், யானையின் நிறம் எல்லாவற்றையும் அவரே கேட்டு அவரே சொல்லி முடிப்பார். பள்ளிக்கூடத்தில் அவரைத்தான் சேர்ப்பதாக இருந்தால் அன்றைக்கே இடம் கிடைத்திருக்கும்.

நானும் ஒழுங்கில்லை, ஒப்புக்கொள்கிறேன். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அம்மா வேலை முடிந்து வரும் ஆறு மணிவரை பட்டாணி என் வீட்டில்தான் இருப்பாள். அவளிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வராது என்று தெரிந்ததும் நானே அவளுக்காகவும் பேசி, இரண்டு பேருக்குமான சண்டையையும் சமாதானத்தையும் நானே நடத்தி முடித்துவிடுவேன். எனக்கு அது பிடித்துக்கூட இருந்தது. எதிர்த்துப் பேசாத துணை யாருக்குக் கிடைக்கிறது.

நான்கு மணிக்குத் தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூன் வரும். குழந்தை பிறந்தபோது யாரோ ஏதோ சொன்னார்களென்று அவர்கள் தங்கள் வீட்டு டிவி இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். அதனால் பட்டாணிக்கு என் வீட்டில் கிடைப்பது கள்ளச்சரக்கு. பெற்றவர்களுக்குத் தெரியும், தெரியாதது போல இருந்தார்கள்.

கார்ட்டூனில் ஒரு நீர்யானை. மெக்கானிக்காம். மிருகங்கள் வரிசையாக உடைந்த சாமான்களைக் கொண்டுவரும். கொக்கு ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும், எலி ஒரு கிழிந்த குடையோடு வரும். நீர்யானை பெட்டியைத் திறக்கும். உள்ளே சுத்தியல், ஸ்பேனர், ஒரு பந்து நூல். "இதுல எது வேணும்?" என்று நம்மைப் பார்த்துக் கேட்கும். கேட்டுவிட்டு இடது காதைச் சொறியும். இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டும். அவ்வளவுதான், அப்படியே நிற்கும். பாட்டு கிடையாது, ஒரு டிங் டிங் கிடையாது. முதல் தடவை பார்த்தபோது டிவிப் பெட்டிதான் கெட்டுப்போய்விட்டதென்று எழுந்துபோய் இரண்டு தட்டு தட்டினேன். பெட்டி நன்றாகத்தான் இருந்தது. நன்றாக ஒன்பது பத்து விநாடி கழித்து, "ஆமா, ஸ்பேனர்தான்" என்று சொல்லி எடுத்தது அந்தப் பிராணி. சில நாள் தப்பானதை எடுத்து, சைக்கிளை இன்னும் மோசமாக்கி, "தெரியல, மறுபடி பாக்கலாம்" என்று கூச்சமே இல்லாமல் சொல்லும்.

கண்ணெதிரே கிடக்கிற ஸ்பேனர் தெரியாத இதுக்கெல்லாம் யார் கடை வைத்துக் கொடுத்தார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வரும். ஆகவே அந்த இருபத்தைந்து நிமிடத்தை நான் நடைகூடத்தில் செலவழிப்பது வழக்கம். கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு வெளியே நின்றால் மூன்றாம் மாடித் தையல்காரி இறங்கி வருவாள், அவளிடம் எப்போதும் ஏதாவது இருக்கும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளத்தான் உள்ளே நீர்யானை இருக்கிறதே.

ஒரு நாள் ரேடியோக்காரர் சீக்கிரம் வந்து, என் வாசலில் நின்றபடியே கொஞ்சம் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது.

"அக்கா, இதுல நல்ல விஷயம் நிறைய இருக்கே. நிறம் சொல்றான், எண்ணிக்கை சொல்றான், எந்த வேலைக்கு எந்தச் சாமான்னு சொல்றான். அந்த டீச்சர் கேக்கறது பூரா இதுலயே வந்துரும்." பிறகு அவர் கால் ஆட ஆரம்பித்தது. "ஆனா நடு நடுவுல என்ன, சும்மா நிக்கிறான்?"

"அது அப்படித்தான் தம்பி. கொஞ்சம் மந்தம்."

"எவ்ளோ நேரம் வீணாப்போகுது பாருங்க. எங்க நிலையத்துல இப்படி விட்டா சீட்டைக் கிழிச்சிருவாங்க."

அவர் மூளை அங்கேயே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. மறுநாளே என் போனை டிவிக்கு எதிரே, பூச்சாடிக்கும் மருந்து டப்பாவுக்கும் நடுவில், விழாமல் நிறுத்திவைத்துச் சொல்லிக்கொடுத்தார். நான்கு மணிக்குச் சிவப்புப் பொத்தானை அழுத்தவேண்டும், முடிந்ததும் மறுபடி அழுத்தவேண்டும். இரண்டு வாரம் நான் தவறாமல் அழுத்தினேன். அழுத்திவிட்டு நடைகூடத்துக்குப் போனேன்.

பத்து நாள் கதையையும் அவர் நிலையத்துக்குக் கொண்டுபோய், செய்திக்கும் செய்திக்கும் நடுவில் உட்கார்ந்து வெட்டினார். இருபத்தைந்து நிமிடக் கதை பதினான்கு நிமிடம் ஆயிற்று. நீர்யானை கேட்கும், அடுத்த நொடி எடுக்கும், பூட்டும், அடுத்த ஆள். அம்மா பார்த்துவிட்டு என்னிடமே வந்து பெருமைப்பட்டாள்.

"ஒரே மூச்சுல மூணு பாடம்க்கா. இவருக்கு இப்படி ஒரு யோசனை வரும்னு நான் எதிர்பாக்கவே இல்ல."

வியாழக்கிழமைக்கு இன்னும் ஒரு வாரம். அவர் நேரத்தை மாற்றிக்கொண்டு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். பட்டாணியை என் வீட்டுக்கு அனுப்புவது நின்றது. தினமும் அவருடைய கம்ப்யூட்டரில் மூன்று கதை, சில நாள் நான்கு. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு நீர்யானையின் குரல் மட்டும் கேட்கும், ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி.

என் வீட்டில் நான்கு மணி ஆனால் எனக்குக் கை ஓடவில்லை. தையல்காரியும் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டாள். என்ன செய்வது, நானே டிவியைப் போட்டு நீர்யானைக்கு எதிரே உட்கார்ந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மூன்றாம் நாள் அது காதைச் சொறிய ஆரம்பித்ததும் என் வாய் தானாக 'நூல்' என்று சொன்னது. சொல்லிவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டில் நிலைமை வேறு மாதிரி போனது. முதல் நாள் பட்டாணி ஒழுங்காக உட்கார்ந்து பார்த்தாளாம். இரண்டாம் நாள் எழுந்து திரைக்குக் கிட்டே போய் நின்றாளாம். மூன்றாம் நாள் உள்ளங்கையை நீட்டி நீர்யானையின் வாயைப் பொத்தினாளாம். நான்காம் நாள் கம்ப்யூட்டர் மூடியை இழுத்துச் சாத்திவிட்டுக் கட்டிலுக்கடியில் போனவள், சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை. தட்டு உள்ளே போயிற்று, காலியாக வெளியே வந்தது. முன்பு சிரிப்பாவது இருந்தது, இப்போது அதுவும் நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் சண்டை.

"பொம்மைப் படம் பாத்து பயப்படற புள்ளைய எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? இருந்ததையும் கெடுத்துட்டீங்க."

"நான் என்னடி கெடுத்தேன்? பாடத்தைத்தானே எடுத்துக் குடுத்தேன்."

"நாளன்னிக்கு அந்தம்மா முன்னாடி போய் நின்னு நான் என்ன சொல்லுவேன்? எங்க புள்ளைக்குப் பாடம் எல்லாம் தெரியும், பதிலுக்கு நான் சொல்லட்டுமான்னு கேக்கவா?"

பிறகு அவள் அழுகிற சத்தம் கேட்டது. இதற்கு மேல் ஒரு மனுஷி சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. திருப்புளி இருந்தால் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு போய்விட்டேன். எங்கள் வீட்டில் மூன்று திருப்புளி இருக்கிறது, அது வேறு விஷயம்.

யாரும் திருப்புளி தேடவில்லை. அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், அவள் காலுக்கு நடுவே கட்டிலுக்கடியிலிருந்து ஒரு சின்னக் கால் நீட்டிக்கொண்டிருந்தது. மேசைமேல் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கொக்கு சைக்கிளோடு வந்தது. "எது வேணும் ஸ்பேனர்தான் இந்தா சரியாப்போச்சு" என்றது நீர்யானை, மூச்சே விடாமல்.

"என்ன தம்பி இது, எங்க நாத்தனார் பேசற மாதிரி பேசுது?" என்றேன். "காதைச் சொறியவே இல்லையே."

"எது?"

"கேள்வி கேட்டா காதைச் சொறியுமே தம்பி. கண்ணைச் சிமிட்டுமே. எங்க போச்சு?"

"அதைத்தான்க்கா வெட்டிட்டேன். அது வேலைக்காகாத இடம்."

"அது எப்ப சொறியும்னு இவ பாத்துக்கிட்டே இருந்திருப்பா. வாயைப் பொத்தினாளே, அது பயம்னா நினைக்கறீங்க?"

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. ஆனால் அவர் கேட்கிற மனநிலையில் இல்லை.

"நீங்க வேற. அந்த இடத்துல ஒண்ணுமே இல்ல. சும்மா ஒரு மிருகம் நிக்குது. காட்டறேன் பாருங்க."

வானொலிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டாம். வெட்டிப்போட்டதை முப்பது நாள்வரை எறியமாட்டார்கள். நான் அப்படிச் சொல்லவேயில்லை என்று ஏதாவது பிரமுகர் சண்டைக்கு வந்தால் தேவைப்படும். அந்தப் பழக்கத்தில், நீர்யானையிடமிருந்து வெட்டிய துண்டுகளையும் வரிசையாக ஒட்டி 'குப்பை' என்று பெயர் போட்டு வைத்திருந்தார். அதை ஓடவிட்டார்.

நீர்யானை காதைச் சொறிந்தது. சிமிட்டியது. பதிவுக்குள் என் வீட்டு மின்விசிறி கடகடத்தது. மறுபடி காது, மறுபடி சிமிட்டல்.

"பாத்தீங்களா, ஒண்ணும்..." என்றார்.

"சத்தத்தைக் கூட்டுங்க," என்றாள் அம்மா.

"மின்விசிறிடி அது. நிலையத்துல ஒலியை அணைச்சுட்டு படத்தை மட்டும் பாத்துதான் வெட்டினேன். கீழே ஒலி அலை கொஞ்சமா அசைஞ்சுது, மின்விசிறின்னு..."

"கூட்டுங்கன்னு சொல்றேன்ல."

கூட்டினார். மின்விசிறி பெரிதாகக் கேட்டது. அதற்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மெல்லியது, கொஞ்சம் கரகரப்பு, அவசரமே இல்லாதது.

"நூலு."

அடுத்த துண்டு. சொறிதல், சிமிட்டல். "அது இல்ல. பெரிசு எடு." அடுத்தது. "மஞ்ச." அடுத்ததில் எதுவும் இல்லை, வெறும் மின்விசிறி. அதற்கடுத்ததில், "எலிக்கு நனைஞ்சிருச்சு."

அம்மா இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றிருந்தார். கால் ஆடவில்லை, அதை நான் கவனித்தேன்.

பதினொன்றாவது துண்டோ பன்னிரண்டாவதோ. நீர்யானை ஒரு கஷ்டமான கேள்வி கேட்டிருக்கவேண்டும். காதைச் சொறிந்தது. பட்டாணியின் குரல், பெரிய மனுஷி மாதிரி, "இரு. யோசிக்கிறேன்," என்றது. நீர்யானை இருந்தது. வேறென்ன செய்யும், அதற்கு அதுதானே வேலை. கடைசியில், "கத்திரி."

அந்த 'இரு'வை அவர் நான்கு தடவை திருப்பிப் போட்டுக் கேட்டார். பதினோரு வருடமாக மற்றவர்களின் மூச்சை எடுத்துப்போட்டுக்கொண்டிருந்த மனிதர். "இவ குரல் இப்படியா இருக்கும்," என்றார். பிறகு, "நான்தான் வெட்டினேன். என் கையாலதான் வெட்டினேன்," என்றார்.

அந்த நேரம் பார்த்து அடுத்த துண்டில், கதவுக்கு வெளியிலிருந்து இன்னொரு குரலும் தெளிவாகக் கேட்டது. "பக்கத்து வீட்டுல ரெண்டு பேருமே பேசிப் பொழைக்கறவங்க. இருக்கற பேச்சையெல்லாம் அவங்களே செலவழிச்சுட்டு அந்தப் புள்ளைக்கு மிச்சமே வைக்கல. எப்படி அது பேசும்?"

அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இது யாரு பேசறது?"

"தெரியலையேம்மா. இவர் நிலையத்துலேர்ந்து ஏதாவது கலந்திருக்கும்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நான் திருப்புளியை வாங்காமலேயே கிளம்பிவிட்டேன்.

புதன்கிழமை முழுக்க அந்த வீட்டில் ஒரு புதுப் பயிற்சி நடந்தது. இந்தத் தடவை பயிற்சி பெரியவர்களுக்கு. கேள்வி ஒன்றுதான் கேட்கவேண்டும், கேட்டுவிட்டு நீர்யானை மாதிரி இருக்கவேண்டும். எழுதும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. நான் பார்க்கும்போது அவர், "பட்டாணி, என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டு முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார், கால் ஆடாமலிருக்க. அம்மா கைத்துண்டின் நுனியைக் கடித்துக்கொண்டு, தன் பரிசுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு, ஏழு, எட்டு. ஒன்பதாவது விநாடியில், "பாலான்னு மட்டும் கேட்டுக்கவா?" என்றாள். எல்லாம் போயிற்று, மறுபடி முதலிலிருந்து.

பட்டாணி ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டிலுக்கடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, இவர்களுக்கு உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டதா என்று சந்தேகமாகப் பார்த்தாள். சிரிப்பு மட்டும் திரும்பி வந்தது, அதுவும் அப்பாவின் முழங்காலைப் பார்த்து.

வியாழக்கிழமை காலை நானும் கூடப் போனேன். பை தூக்க ஆள் வேண்டாமா. பையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு கைக்குட்டையும் இருந்தது.

பள்ளிக்கூட அறையில் எல்லாமே குட்டி நாற்காலி. பெற்றவர்கள் இருவரும் முழங்கால் மோவாயைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்தார்கள், நான் சுவரோரம் நின்றேன். பெரிய டீச்சர் பொல்லாதவர் இல்லை, ஆனால் அன்றைக்குப் பதினெட்டுக் குழந்தைகள். பட்டாணி பதினான்காவது. வெளியே பதினைந்தாவது அழ ஆரம்பித்திருந்தது. அவர் முன்னால் ஒரு தாள், தாளில் கட்டங்கள்.

"உன் பேர் என்னம்மா?" இரண்டு விநாடி பார்த்தார். பேனா ஒரு கட்டத்தில் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டது. "இது என்ன நிறம்?" இரண்டு விநாடி. பெருக்கல் குறி. பிறகு ஒரு பட அட்டையை நிமிர்த்தினார். அதில் ஒரு சைக்கிள், முன் சக்கரம் இல்லாமல். "இதுல என்ன இல்ல?"

அம்மாவின் வாய் திறந்துவிட்டது, தண்ணீர்ப் புகார் வேகத்தில் பதில் அவள் பல்லுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றது எனக்கே தெரிந்தது. பேனா மூன்றாவது கட்டத்துக்கு மேலே இறங்கியது.

அப்போது ரேடியோக்காரர் தன் இடது காதைச் சொறிந்தார்.

சும்மா இல்லை, முழங்கையைத் தூக்கி, நிதானமாக, நீர்யானை எப்படிச் சொறியுமோ அப்படி. இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டினார். அப்படியே அசையாமல் இருந்தார். அதைப் பார்த்த அம்மா வாயை மூடிக்கொண்டு, தன் காதில் கைவைத்தாள். முழங்கால் மோவாயில் இடிக்க, இரண்டு பெரியவர்கள் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டு, வாயைத் திறக்காமல். டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. பேனா காற்றில் நின்றது. இந்த மாதிரி ஆட்களிடம் என்ன கேட்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். எப்படியோ, அவரும் பேசவில்லை.

நான் எண்ணினேன். ஐந்து. வெளியே பதினைந்தாவது குழந்தையை யாரோ சமாதானப்படுத்தினார்கள். ஏழு. என் நாக்கில் 'சக்கரம்' என்ற வார்த்தை கூழாங்கல் மாதிரி கிடந்தது. வாழ்க்கையில் ஒரு வார்த்தையை அவ்வளவு நேரம் நான் வாய்க்குள் வைத்திருந்ததில்லை. ஒன்பது.

பட்டாணி அப்பாவின் காதைப் பார்த்தாள். அம்மாவின் காதைப் பார்த்தாள். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"இரு," என்றாள். "யோசிக்கிறேன்."

பெரிய டீச்சரைப் பார்த்து அந்தக் கட்டடத்தில் 'இரு' என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் பேனாவை மேசைமேல் வைத்தார். பதினான்கு வரை எண்ணிவிட்டு நான் எண்ணிக்கையை விட்டுவிட்டேன்.

"சக்கரம்," என்றாள் பட்டாணி. அட்டையை இழுத்து வைத்து இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு, "ஸ்பேனர் வேணும்."

"வச்சிருக்கியா?" என்று கேட்டார் டீச்சர்.

அப்பாவின் கால் ஒரே ஒரு தடவை ஆடி நின்றது. யாரும் உதவிக்கு வரவில்லை.

"இல்ல," என்றாள் அவள்.

டீச்சர் மூன்றாவது கட்டத்தில் பெருக்கல் போடவில்லை. தாளின் ஓரத்தில் ஏதோ எழுதினார். மேலதிகாரி மேசைக்கு எதிரே நின்று பழகியவர்களுக்கு எதிராளியின் தாளைத் தலைகீழாகப் படிக்கத் தெரியும். அம்மா படித்துவிட்டு, வெளியே வந்து நடைபாதையில் நின்றபடி எங்களுக்குச் சொன்னாள். 'பதில் வருகிறது. அவசரப்படுத்தக் கூடாது.' அதற்குக் கீழே, சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கையெழுத்து.

ரேடியோக்காரர் நடைபாதையிலேயே உட்கார்ந்து பட்டாணியைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டார். நிறையப் பேசவேண்டும் போல அவருக்கு இருந்திருக்கும். வீடு வரும்வரை பேசவில்லை. அம்மா வழியில் மூன்று முறை ஏதோ ஆரம்பித்து, மூன்று முறையும் விழுங்கினாள்.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டால், பட்டாணி ஒரு நாளைக்கு இருபது முப்பது வார்த்தை பேசுகிறாள். அதுவும் அவளாகப் பார்த்து, அவளுக்குத் தோன்றுகிற நேரத்தில். அவள் வீட்டில் அவ்வப்போது யாராவது காதைச் சொறிந்துகொண்டிருப்பார்கள், விருந்தாளிகள் பேனோ என்று பயந்து தள்ளி உட்காருகிறார்கள். அந்த அப்பாவுக்கு நிலையத்தில் ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூட வந்ததாம். யாரோ ஒரு அம்மாள் பேட்டியில், மகனைப் பற்றிக் கேட்டதும் ஆறு விநாடி பேசாமல் இருந்திருக்கிறார். அதை இவர் வெட்டவில்லை. சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. கடிதத்தை அவர் வீட்டில் யாரிடமும் காட்டவில்லை, கோட்டுப் பையில்தான் வைத்திருந்தார். எனக்கு எப்படித் தெரியும் என்பது இங்கே முக்கியமில்லை.

நேற்று மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து நான்தான் அவளைக் கூட்டிவந்தேன். லிப்டுக்கு நிற்கும்போது, "இன்னிக்கு டீச்சர் என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு, வேறு வழியில்லாமல், காதில் கை வைத்தேன். அவள் தரையைப் பார்த்து யோசித்தாள். லிப்டு வந்தது. கதவு திறந்தால் உள்ளே, அடித்தளத்திலிருந்து ஏறி வந்த மூன்றாம் மாடித் தையல்காரி, இன்னொரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய கையோடு, முகம் முழுக்கச் சேதி. கல்யாணமே நின்றுபோன மாதிரி முகம்.

"அக்கா, விஷயம் தெரியுமா?" என்றாள். கதவு மூட ஆரம்பித்தது.

நான் ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தேன். பட்டாணி என் சேலையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள், வாய் லேசாகத் திறந்திருந்தது.

காலை வெளியே எடுத்துக்கொண்டேன். லிப்டு மேலே போயிற்று.